வளைவு தெரிந்த பிள்ளைகளுக்கு

பன்வில டவுனில் முப்பது வருஷம் கராஜ் வைத்திருந்தவன் நான். மடுல்கலைப் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் ஸ்பானர் பிடித்த கை. இப்போது மகன் நடத்துகிறான். நான் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளாகப் பிள்ளைகள் செயின் மாற்ற மட்டும் வருவதில்லை. "மாமா, மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம்னு பைக்கில ஒரு சுத்து போய்ட்டு வரணும், எப்படி?" என்று கேட்கிறார்கள். 2012, 2016, 2018 என்று மூன்று தடவை நான் அந்தப் பக்கம் ஓடிவிட்டு வந்தது ஊருக்கே தெரியும். ஆளுக்கு ஆள் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹுலுகங்கைப் பாதையில் பனிமூட்டத்துக்குள் லொறிக்கு வழிவிட்டு வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். மஹியங்கனைப் பதினெட்டு வளைவைக் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவேன் என்று சொல்கிறவனும் உங்களில் இருக்கிறான். அந்தத் தைரியத்தோடுதான் கட்டுநாயக்கவில் ஏறுகிறீர்கள். ஆனால் நான் கண்டதிலும் கேட்டதிலும் நம் மலைப் பிள்ளை அங்கே வளைவில் விழுவதில்லை. நேர்ப்பாதையில் விழுகிறான், வலப்பக்கத்தில் விழுகிறான், வெயிலில் விழுகிறான். மிச்சப் பேர் பொலிஸ்காரன் முன்னால் தாளில்லாமல் விழுகிறார்கள்.

1. சொந்த வண்டியைக் கொண்டுபோகும் ஆசையை இங்கேயே விட்டுவிடு.

நம் வீட்டுப் பெரியவர்கள் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவர்கள். திரும்பிப் போவதற்கும் அந்தக் கடல்தான் வழியாக இருந்தது. 1964 புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. 2023இல் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மறுபடி கப்பல் விட்டார்கள். அதில் ஆள் போகலாம், வண்டி போக முடியாது.

சரக்குக் கப்பலில் ஏற்றி இந்தியாவில் இறக்கலாம் என்று ஒருவன் வருவான். அதற்குக் கார்னே என்ற சுங்கப் புத்தகம் வேண்டும். வண்டியின் பெறுமதியைப் பார்த்துப் பெரிய பணத்தைப் பிணையாகக் கட்ட வேண்டும். அதையும் கட்டிவிட்டாய் என்று வைத்துக்கொள், மணிப்பூர் மோரே எல்லைக்கு அப்பால் மியன்மார் இருக்கிறது. 2018இல் ஹைதராபாத்திலிருந்து நான்கு பெண்கள் அந்த வழியாகவே பஜாஜ் டொமினாரில் புறப்பட்டு மியன்மார், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் எல்லாம் சுற்றிக் கிட்டத்தட்ட 17,000 கிலோமீற்றர் ஓடினார்கள். பெண்பிள்ளை பைக்கில் வெளிநாடு போவதா என்று கேட்கிற அம்மாமாருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் 2021 பெப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு அந்தத் தரைவழியை நம்பித் திட்டம் போட முடியாது. தாய்லாந்தும் 2016இலிருந்து தூரதேசத்து வண்டிகளுக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்கச் சொல்கிறது. வியட்நாம் வெளிநாட்டு நம்பர் பிளேட்டைக் கண்டால் முகம் சுளிக்கும்.

ஆகவே விமானத்தில் போ. ஒவ்வொரு நாட்டிலும் வண்டியை வாடகைக்கு எடு, அந்த நாட்டிலேயே திருப்பிக் கொடு. எல்லையைப் பஸ்ஸில் கடந்துகொள். "அது முழுப் பயணம் இல்லையே மாமா" என்று முகத்தைத் தொங்கப் போடாதே. வண்டி மாறினாலும் ஓட்டுகிற முதுகு ஒன்றுதான், எல்லா வலியும் அதற்குத்தான் வரும்.

2. மலேசியாவில் தொடங்கு.

நிறையப் பேர் நேரே ஹனோயில் இறங்கி அன்று மத்தியானமே பைக்கில் ஏறிவிடுகிறார்கள். அது நீச்சல் தெரியாதவன் விக்டோரியா அணைக்கட்டில் குதிக்கிற மாதிரி. மலேசியாவில் நம்மைப் போல இடப்பக்கம் ஓடுகிறார்கள். தமிழில் வழி கேட்கலாம், தமிழில் சண்டையும் போடலாம். ஈப்போவில் என் மாமா வழிச் சொந்தம் இருக்கிறது. முதல் தடவை அங்கே இரண்டு நாள் தங்கி, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினேன். வளைவுக்கு வளைவு நம் பாதை மாதிரியே இருந்தது. மேலே போனால் தேயிலை. 1929இல் தொடங்கிய 'போ' என்ற தோட்டத்துக் கொழுந்து வாசத்தை மூச்சில் பிடித்தபோது, வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பிரட்டுக்கள மணி ஒன்று மட்டும் அடித்திருந்தால் வேலைக்கே போயிருப்பேன். நம் பாட்டன்மார் எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்பதில்தான் வித்தியாசம், மற்றதெல்லாம் ஒரே கதை.

மலேசியாவுக்குப் பிறகு தாய்லாந்து. அதுவும் இடப்பக்கம். இரண்டும் கைக்குப் பழகிய பிறகு லாவோஸ், கம்போடியா, வியட்நாம். இந்த மூன்றும் வலப்பக்கம். இந்த ஒழுங்கை மாற்றாதே.

3. தாள்.

இதில் நான் கொஞ்சம் வாத்தியார் மாதிரிப் பேசுவேன், பொறுத்துக்கொள். கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷன் தருகிற சர்வதேச அனுமதிப்பத்திரம் 1949ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையின்படி வருவது. ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் மூன்றும் அந்த உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள். வியட்நாம் 1968ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் தாளைத்தான் கேட்கும். அப்படியானால் நம் தாளோடு வியட்நாமில் 125 சிசி ஓட்டுகிறவன் சட்டப்படி லைசன் இல்லாதவன். வாடகைக் கடைக்காரன் "நோ ப்ராப்ளம்" என்பான். அவனுக்கு என்ன, அவனுக்குப் ப்ராப்ளம் இல்லைதான். 2018இல் இது எனக்குத் தெரியாது. தெரியாமலே ஹூவேயிலிருந்து டா நாங்வரை ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து நீயும் போகலாம் என்று நினைத்துவிடாதே. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் பயணக் காப்புறுதிக்காரன் முதல் கேள்வியாக லைசனைக் கேட்பான். அங்கே 50 சிசிக்குக் குறைந்த சின்ன வண்டிக்கு லைசன் கேட்பதில்லை. இல்லாவிட்டால் லைசன் உள்ள உள்ளூர்க்காரன் ஓட்ட, நீ பின்னால் உட்கார்ந்து மலையைப் பார். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இன்னொன்று, அந்தத் தாளில் மோட்டார் சைக்கிளுக்கு உரிய கட்டத்தில் முத்திரை குத்தியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார். காருக்கு மட்டும் குத்தியதை வாங்கிக்கொண்டு போய்த் தாய்லாந்துச் சோதனைச் சாவடியில் தண்டம் கட்டியவனை எனக்குத் தெரியும். காப்புறுதிப் பத்திரத்திலும் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லைத் தேடு. சிலது 125 சிசிக்கு மேலே போனால் கையை விரிக்கும்.

4. பாஸ்போட்டை ஒருவனிடமும் அடகு வைக்காதே.

கடைக்காரன் கேட்பான். பிரதியும் காசும் கொடு. அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்கு நட. ஒரு இடத்தில் அவசரத்துக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்தபோது நான் போடாத கீறலுக்கு நான் காசு கட்டினேன். பாஸ்போட் அவன் லாச்சியில் இருந்தது, எனக்கு மறுநாள் விமானம். வேறு என்ன செய்ய? வண்டியை எடுக்கும்போதே சுற்றிச் சுற்றிப் போனில் வீடியோ எடு, அவன் கண் முன்னால் எடு.

5. வெயில்.

நாம் குளிர்ப் பிள்ளைகள். ஏப்ரலில் கண்டிக்கு இறங்கினாலே "அப்பாடா, என்ன காந்தல்" என்கிறவர்கள். மத்திய தாய்லாந்தின் சமவெளியில் பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் ஓடினால் ஹெல்மட்டுக்குள் மூளை அவியும். தாகம் தெரியாது, வியர்வையைக் காற்றே துடைத்துவிடும். தலை லேசாகும். அப்போது நீ நன்றாக ஓட்டுவதாக உனக்குத் தோன்றும், அதுதான் ஆபத்து. ஜீவனி பக்கற் பத்து கொண்டுபோ. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கு. விடியக் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பதினொரு மணிக்கு நிழல் பிடித்துவிடு. தோட்டத்தில் காலையில் எழும்பிப் பழகியவர்கள்தானே நாம்.

போவதற்கு நல்ல காலம் நவம்பரிலிருந்து பெப்ரவரி தொடக்கம் வரை. அதற்குப் பிறகு ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்திலும் லாவோசிலும் காடும் வயலும் எரிப்பார்கள், புகையில் மலையே தெரியாது. நடு வியட்நாமில் மட்டும் கணக்கு வேறு. அங்கே செப்டெம்பரிலிருந்து டிசம்பர் வரை மழை கொட்டும்.

6. நேர்ப்பாதையைக் கண்டு பயப்படு.

உன் வாழ்க்கையில் நீ எத்தனை தடவை நூறு கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார்களோடு சேர்ந்து ஓட்டியிருக்கிறாய்? ஒரு தடவைகூட இல்லை. நம் நாட்டு அதிவேகப் பாதைகளில் பைக்கை விடுவதே இல்லை. மலேசியாவின் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் பைக் போகலாம், டோல்கூடக் கிடையாது. சல்லி மிச்சம் என்று சந்தோஷப்பட்டு ஏறினால், பின்னால் வருகிற பெரிய லொறியின் காற்று உன்னைத் தூக்கி ஓரத்துக்குத் தள்ளும். தாய்லாந்தின் நாலு வழிப் பாதைகளில் நடுவே யூ வளைவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். வேகப் பாதைக்குள் திடீரென்று ஒரு பிக்கப் மூக்கை நீட்டும். அந்த நாட்டில் வீதி விபத்தில் சாகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு சக்கர வண்டிக்காரர்கள். அவர்கள் எல்லோரும் மலையில் சாகவில்லை.

மலைப்பாதையில் நமக்குத் தூக்கம் வராது, ஒவ்வொரு வளைவும் எழுப்பிவிடும். நேர்ப்பாதை தாலாட்டும். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

அதனால் இங்கேயே பழகு. ஏ-9 பாதை நம் கண்டியில்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர். ஒரு தடவை இரண்டு நாளில் போ, இன்னொரு தடவை ஒரே நாளில் போ. தம்புள்ள தாண்டியதும் உடம்பு என்ன சொல்கிறது, மாங்குளத்துக்குக் கிட்ட மனசு எங்கே போகிறது என்று கவனி. வவுனியாவுக்கு அப்பால் அந்தியில் மாடுகள் ரோட்டில் படுத்திருக்கும், அதுவும் ஒரு பாடம். பிறகு ஒரு கிழமை எடுத்து மஹியங்கனை, அம்பாறை, பொத்துவில், திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் என்று தீவைச் சுற்று. ஏழாம் நாள் காலையில் மறுபடி பைக்கில் ஏற ஆசை இருந்தால் பாஸ்போட்டைத் தேடலாம். இல்லாவிட்டால் பஸ் டிக்கட்டோடு அதே நாடுகளைப் பார்க்கலாம், அதுவும் நல்ல பயணம்தான்.

7. வலப்பக்கம்.

1994இல் திறந்த நட்புப் பாலத்தில் நொங்காயிலிருந்து மீகொங் ஆற்றைத் தாண்டினால் லாவோஸ். பக்கம் மாறும் நாடு. முதல் நாள் நான் தப்புச் செய்யவில்லை. முதல் நாள் யாரும் செய்யமாட்டார்கள், பயம் காப்பாற்றும். மூன்றாம் நாள் காலை, வாங் வியெங் பக்கம், ஒரு பெற்றோல் செட்டில் எண்ணெய் அடித்துவிட்டு வெறும் ரோட்டில் ஏறினேன். கை தானாக இடப்பக்கம் திரும்பியது. முந்நூறு மீற்றர் நிம்மதியாக ஓட்டினேன். எதிரே ஒரு மரலொறி ஹோன் அடித்துக்கொண்டு வருகிறது, "இவன் ஏன் என் பக்கம் வருகிறான்" என்று நான் அவனைத் திட்டுகிறேன்! கடைசி நொடியில் புல்லுக்குள் இறங்கினேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. என் கால் அரை மணித்தியாலம் நடுங்கியது.

இந்தத் தப்பு நடப்பது எப்போதும் வெறும் ரோட்டில், வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான். எதிரே வண்டிகள் இருந்தால் அவற்றைப் பார்த்து நாம் சரியாகிவிடுவோம். அன்றிலிருந்து ஒரு வழி வைத்துக்கொண்டேன். கோயிலில் ஆம்பிளைகளுக்கு வலது கையில்தானே நூல் கட்டுவார்கள். ஸ்டார்ட் பண்ணும் முன் நூல் கட்டிய கையைப் பார்த்து "இந்தப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வேன். பெண்பிள்ளைகளுக்கு இடது கையில் கட்டுவதால் இது சரிவராது, வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள் மகள்.

8. பெரிய வண்டி எடுக்காதே. ஸ்கூட்டரும் எடுக்காதே.

சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போகும் பாதையில் 762 வளைவு என்று பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். நம் பதினெட்டை வைத்துக்கொண்டு நாம் போட்ட சத்தம் என்ன! ஆனாலும் எண்ணிக்கையைக் கண்டு பயப்படாதே, அது நம் வீட்டு வேலை. கவனிக்க வேண்டியது இறக்கம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது, எல்லாப் பாரமும் பிரேக்கில் விழும். பத்துக் கிலோமீற்றர் இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கருகிய வாசம் வரும், பிறகு லீவர் பஞ்சு மாதிரிப் போகும். அந்தப் பாதையில் முழங்காலில் கட்டுப்போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்த்தேன். இறக்கத்தை ரெண்டாம் கியரில் விட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

125 அல்லது 150 சிசி, கியர் வண்டி போதும், வியட்நாமில் மட்டும் மேலே தாளில் சொன்ன கணக்கு. ஹொண்டா வேவ் அங்கே எல்லா ஊரிலும் கிடைக்கும், எந்த மரத்தடியிலும் திருத்துவார்கள். வியட்நாமில் பைக் என்றாலே ஹொண்டா என்றுதான் சொல்வார்கள். அதில் கிளச் லீவர் கிடையாது, இரண்டு நாள் உன் இடது கை காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

9. ஹெல்மட்டை இங்கிருந்து கொண்டுபோ. வாடகைக் கடையில் தருவது தொப்பி.

10. ஒரு நாளைக்கு 200 கிலோமீற்றர். மலையில் 120.

லுவாங் பிரபாங்குக்குப் போகும் 13ஆம் பாதையில் வரைபடத்தைப் பார்த்து மூன்று மணித்தியாலம் என்று நினைத்தேன், இருட்டிவிட்டது. பாதித் தாங்கி காலியானதும் நிரப்பு. மலைக்குள் போத்தலில் விற்பார்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காதே. 2022இல் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கியூஆர் கோட்டைக் காட்டி வரிசையில் நின்றவர்களுக்கு எண்ணெயின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

மழை பெய்தால் நிறுத்து. அதிலும் மண்மேட்டுக்குக் கீழே நிறுத்தாதே. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் நம் மலைப்பாதைகளை அறுத்துப் போட்டதைப் பார்த்தவர்கள் நீங்கள்.

வியட்நாமின் ஹாய் வான் கணவாயை மட்டும் நிதானமாகக் கடந்து போ. 2005இல் கீழே சுரங்கப்பாதை திறந்ததும் கார்களும் லொறிகளும் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. மேலே ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய பாதை பைக்காரனுக்கென்றே மிஞ்சியிருக்கிறது. நான் அதில் மூன்று இடத்தில் பிளேன்டீ குடித்தேன். தாமதமானதில் நான் வருத்தப்படாத நாள் அது ஒன்றுதான்.

11. காஞ்சனபுரிக்குப் போ.

பைக் பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள். பாங்கொக்கிலிருந்து மேற்கே ஒரு நாள் ஓட்டம். குவாய் நதிப் பாலம் என்ற 1957ஆம் வருஷத்து ஆங்கிலப் படத்தை டேவிட் லீன் எடுத்தது தாய்லாந்தில் இல்லை, நம் கித்துல்கலையில், களனி கங்கைக் கரையில். அங்கே படத்துப் பாலம் ஊன்றிய இடத்தை இன்றும் காட்டுவார்கள். உண்மையான பாலம் காஞ்சனபுரியில் இருக்கிறது. ஜப்பான்காரன் 1943 ஒக்டோபரில் முடித்த 415 கிலோமீற்றர் ரயில் பாதையில் வருவது அது. அந்தப் பாதையைக் கட்டும்போது செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நகரத்துக்குள் மயானம் இருக்கிறது, ஏறத்தாழ 7,000 கல்லறை. புல்லை வெட்டி, பூ நட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் தகடு வைத்திருக்கிறார்கள்.

மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அதே வேலைக்குக் கொண்டுபோன தமிழ்ச் சனம் பல்லாயிரம் பேர். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். வரிசை வரிசையாக நடந்து நான் தேடிப் பார்த்தேன், அந்த மயானத்தில் அவர்களுக்கு ஒரு தகடும் இல்லை. தலைமன்னார்க் கப்பலுக்குப் பதிலாக பினாங்குக் கப்பலில் ஏறியிருந்தால் என் பாட்டனும் அந்தப் பாதையில் மண் சுமந்திருப்பார். அன்று நான் அதற்கு மேல் ஓட்டவில்லை. ஒரு நாள் முழுக்க அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். நீயும் அங்கே ஒரு நாளை ஒதுக்கு. வெறுங்கையோடு போகாதே, ஒரு பூவாவது வாங்கிப் போ. அந்த மயானத்தில் அவர்களுக்குக் கல்லறை இல்லாததால் அங்கே எங்கே வைப்பது என்று தெரியாது. ஆற்றில் விடு.

12. சாமான்.

ஒரு பை, பன்னிரண்டு கிலோ. கிளச் கேபிள், ப்ளக், டியூப், இறுக்கிக் கட்டுகிற டேப். மூன்று சட்டை. அம்மா கட்டித்தருகிற கட்டாச் சம்பலை மறுக்காதே, நாலாம் நாள் அதன் அருமை தெரியும்.

போகிற தேதி முடிவானதும் லைசனையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜுக்கு வா. நான் மூன்று மணிவரை வாசலில்தான் இருப்பேன். ஏ-9இல் ஓடிய பெற்றோல் பில்லையும் கொண்டுவா, அதைப் பார்த்த பிறகுதான் மிச்சம் பேசுவேன்.